245 என்பதா, "தலைப்பு" என்பதா?

எங்கள் ஊர் நூலகத்தில் நூல் விவரம் எழுதிய பட்டியல் அட்டைகளைக் கணினிக்கு மாற்றும் வேலை தொடங்கிய முதல் நாளே ஒரு வாக்குவாதம். நூலக அறிவியல் படித்துவிட்டு வந்திருந்த பெண், "245-ல தலைப்பைப் போடுங்க, 100-ல ஆசிரியர் பேரு" என்று சொல்லிக்கொண்டே போனார். பல வருடங்களாக அந்த அட்டைகளைத் தன் கையாலேயே எழுதிவந்த பெரியவர் குறுக்கிட்டார். "தலைப்புக்குத் தலைப்புன்னே பேரு இருக்கேம்மா, அதுக்கு எதுக்கு நம்பர்?" தட்டச்சுக்கு உதவப் போயிருந்த நான் அன்றைக்குப் பெரியவர் பக்கம். ஆயிரம் பதிவுகளைத் தாண்டியபோது பாதி மனம் மாறியிருந்தது. மிச்சப் பாதி ஏன் மாறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சிறு நூலகம் ஒன்றைக் கணினிக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்த முடிவை எப்படியும் எடுத்தாக வேண்டும். கோஹா போன்ற நூலக மென்பொருளை நிறுவியதும் அது தன் போக்கில் ஓர் ஏற்பாட்டைத் தருகிறது. அதைத் தொடாமல் விடுவதும் ஒரு முடிவுதான். ஆனால் எண்ணா சொல்லா என்று மொத்தமாகக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். பதிவு செய்பவர் பார்க்கும் திரை, பதிவுக்குள் சேமிக்கப்படும் தரவு, வாசகர் தேடும்போது பார்க்கும் பக்கம் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெளிவு வந்தது.

எண் எங்கிருந்து வந்தது?

பழைய அட்டையில் எண்ணும் கிடையாது, "தலைப்பு:" என்ற முன்சொல்லும் கிடையாது. பன்னிரண்டரைக்கு ஏழரை சென்டிமீட்டர் அட்டையில் அதற்கெல்லாம் இடம் ஏது? எது எந்த இடத்தில் வருகிறது என்பதும் நிறுத்தக்குறிகளும்தான் அர்த்தம் சொல்லின. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது எழுதியவர் பெயர். ஊர்ப் பெயரை அடுத்து முக்காற்புள்ளி வந்தால் அதற்குப் பிறகு பதிப்பகம். 1970களில் இந்தக் குறிகளை ஐ.எஸ்.பி.டி. என்ற பெயரில் உலகம் முழுவதற்கும் பொதுவாக்கினார்கள். ஜப்பானிய மொழி ஓரெழுத்துத் தெரியாதவரும் ஜப்பானிய அட்டையில் எது தலைப்பு, எது பதிப்பகம் என்று கண்டுகொள்ள வேண்டும் என்பது எண்ணம். எங்கள் பெரியவரின் அட்டைகளில் அந்தக் குறிகள் அத்தனையும் இம்மி பிசகாமல் இருந்தன. அதற்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

கணினிக்கு இந்த ஜாடை போதவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ரம் 1960களில் உருவாக்கிய மார்க் வடிவம் (பரீட்சை மார்க் இல்லை, 'எந்திரம் படிக்கும் பட்டியல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது ஒவ்வொரு விவரத்துக்கான பெட்டிக்கும், மூன்று இலக்க எண் கொடுத்தது. 100 ஆசிரியர், 245 தலைப்பு, 250 எத்தனையாவது பதிப்பு, 300 பக்கமும் அளவும், 650 பொருள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரு குட்டி அட்டவணை இருக்கும். அதில் ஒரு புலத்துக்கு 12 எழுத்து இடம்: எண்ணுக்கு 3, நீளத்துக்கு 4, தொடங்கும் இடத்துக்கு 5. காந்த நாடாவில் தரவை வைத்திருந்த காலத்தில் இது பெரிய சிக்கனம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் இன்றைய யூ.டி.எஃப்-8 முறையில் "தலைப்பு" என்ற ஒரே சொல் 21 பைட் பிடிக்கும், "245" பிடிப்பது 3. ஆனால் இன்றைக்கு யார் பைட்டை எண்ணுகிறார்கள்? சிக்கனம் என்ற வாதத்தை ஓரமாக வைத்துவிடலாம்.

மிஞ்சுகிற வாதம் வேறு. இந்த எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 1-ல் தொடங்கினால் நூலுக்கு முதன்மையானவர், 6-ல் தொடங்கினால் நூல் எதைப் பற்றியது என்பது, 7-ல் தொடங்கினால் கூடக் கை கொடுத்தவர்கள். கடைசி இரண்டு இலக்கம் 00 என்றால் தனிமனிதர், 10 என்றால் அமைப்பு, 11 என்றால் மாநாடு. பாரதியார் எழுதிய நூலில் அவர் 100-ல் இருப்பார். அவரைப் பற்றி இன்னொருவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் 600-க்குப் போய்விடுவார். வேறொருவருடைய நூலில் அவர் மொழிபெயர்ப்பாளராக வந்தால் 700. ஒரே ஆள், மூன்று நாற்காலி. இது பிடிபட்ட சாயங்காலம்தான் என் மனம் முதல்முறை அசைந்தது.

பதிவு செய்பவரின் திரை

ஆரம்பத்தில் பெரியவர் சொன்னபடி எல்லாப் பெட்டிக்கும் தமிழ்ப் பெயர் வைத்து, எண்களை மறைத்துவிட்டோம். கோஹாவில் இரண்டுமே எளிது. பதிவுத் திரையை வகுக்கும் சட்டகத்தில் ஒவ்வொரு புலத்துக்கும் நூலகர் பார்க்க ஒரு பெயர், வாசகர் பார்க்க ஒரு பெயர் என்று தனித்தனியாக நாமே எழுதலாம். எண்களை மறைப்பதற்கும் அமைப்புப் பகுதியில் ஒரு தெரிவு இருக்கிறது. திரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேலைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் தட்டச்சத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துச் சரிபார்த்தோம். "பதிப்பு" என்ற பெட்டியில் சிலர் "இரண்டாம் பதிப்பு" என்று எழுதியிருந்தார்கள், சிலர் பதிப்பகத்தின் பெயரை, சிலர் வெளிவந்த வருடத்தை. யாரையும் குறை சொல்ல முடியாது. தமிழில் அந்தச் சொல் மூன்று பக்கமும் இழுக்கும். "பதிப்பாசிரியர்" பெட்டியில் பதிப்பக உரிமையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "ஆசிரியர்" இன்னும் மோசம். எழுதியவரும் ஆசிரியர், பத்திரிகையை நடத்துபவரும் ஆசிரியர், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவரும் ஆசிரியர். தலைமை ஆசிரியர் ஒருவர் அணிந்துரை எழுதிய ஒரே காரணத்தால் நூலுக்கே சொந்தக்காரர் ஆகியிருந்தார்.

சொல் பழகிய சொல்லாக இருப்பதுதான் அதன் பலம், அதன் ஆபத்தும் அதுவே. தெரிந்த சொல்லைப் பார்த்ததும் யாரும் நின்று யோசிப்பதில்லை. 250 என்ற எண்ணைப் பார்க்கிறவர் "இது என்ன?" என்று ஒருமுறை கேட்பார், விடை தெரிந்த பிறகு அதில் பதிப்பகத்தின் பெயரைப் போட மாட்டார்.

ஆங்கிலப் பெயர்கள் மட்டும் வாழ்ந்தனவா என்றால் அதுவும் இல்லை. 100-க்கு மார்க் தரும் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் "முதன்மைப் பதிவு - தனிநபர் பெயர்" என்று வரும். வேலை தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அது புரியாது. சொற்களாலான வடிவம் வேண்டும் என்று காங்கிரஸ் நூலகமே 2002-ல் மோட்ஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 1995-ல், அமெரிக்காவின் டப்ளின் என்ற ஊரில் நடந்த பட்டறையிலிருந்து டப்ளின் கோர் பிறந்தது. 'டைட்டில்', 'கிரியேட்டர்', 'சப்ஜெக்ட்' என்று பதினைந்தே சொற்கள். நல்ல முயற்சிகள். ஆனால் அந்தச் சொற்கள் ஆங்கிலச் சொற்கள். தமிழ் மட்டும் வாசிக்கிற ஒருவருக்கு 'கிரியேட்டர்' என்பதும் ஒரு சங்கேதக் குறிதான், 100-ஐ விட நீளமான குறி.

பதினைந்து சொல் போதாது என்பதும் நம் நூல்களை வைத்துப் பார்த்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். பரிமேலழகர் உரையுடன் கூடிய திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் வள்ளுவருடையது, உரை பரிமேலழகருடையது, அதற்கு விளக்கக் குறிப்பு எழுதிப் பதிப்பித்தவர் இன்னொருவர். டப்ளின் கோரின் அடிப்படைச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டால் வள்ளுவர் 'கிரியேட்டர்' (படைத்தவர்), மற்ற இருவரும் 'கான்ட்ரிபியூட்டர்' (பங்களித்தவர்). பதின்மூன்றாம் நூற்றாண்டு உரைகாரரும் நேற்றைய பதிப்பாசிரியரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மார்க்கில் இருவரும் 700-ல் வந்தாலும் ஆளுக்கொரு பொறுப்புக் குறியீடு ஒட்டலாம். உரை எழுதியவருக்கு சி-டபிள்யூ-டி, பதிப்பாசிரியருக்கு இ-டி-டி. மின்னூல்களை மட்டும் அடுக்கி வைக்கப் போகிறவர்களுக்கு டப்ளின் கோர் போதும். உரைகளும் பதிப்புகளும் நிறைந்த தமிழ் அலமாரிக்கு அது சின்னச் சட்டை.

சரி, அப்படியானால் எண்ணே ஜெயித்ததா? எண்ணின் கதையும் ஒன்றும் சுத்தமில்லை. "தலைப்பு" என்பதைத் "தலப்பு" என்று தட்டினாலும் படிப்பவருக்குப் புரியும். 245-ஐ 254 என்று தட்டினால் நூலின் பெயர் இசைக்குறிப்பு வடிவத்துக்கான புலத்தில் போய் விழும். திரையில் பிழை எதுவும் தெரியாது, தலைப்பில் தேடினால் நூல் கிடைக்காது, அவ்வளவுதான்.

எண் உலகப் பொதுமொழி என்பார்கள். அது பாதிதான் உண்மை. நாங்கள் பயன்படுத்தும் மார்க் 21-ல் தலைப்பு 245. ஐரோப்பாவில் பல நாடுகள் பயன்படுத்தும் யூனிமார்க்கில் தலைப்பு 200. மார்க் 21-ல் 700 என்பது கூடுதல் பெயர், யூனிமார்க்கில் அதுவே முதன்மை ஆசிரியர். கோஹா இரண்டையும் ஏற்கும், ஆகவே நிறுவும்போதே சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொண்ணூறுகளில் விண்ஐசிஸ் என்ற நூலக மென்பொருளில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் இன்னொரு பட்டியல் சொல்வார்கள். அதன் மாதிரித் தரவுத்தளத்தில் 24 தலைப்பு, 70 ஆசிரியர். பழைய தரவை மாற்றும்போது எந்த எண் எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்று எழுதி வைக்காமல் போனால், தலைப்பெல்லாம் எங்கோ ஒரு மூலையில் போய் உட்காரும்.

இவ்வளவுக்குப் பிறகு நாங்கள் செய்தது, எண்ணையும் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. "250 எத்தனையாம் பதிப்பு", "264 பதிப்பகமும் ஊரும் வருடமும்", "100 எழுதியவர்". "ஆசிரியர்" என்ற சொல்லைத் தனியாக எங்கேயும் விடவில்லை. எண்ணை மறைக்காமல் விட இன்னொரு காரணமும் உண்டு. வேறு நூலகங்களின் பதிவுகளை இசட்39.50 என்ற பரிமாற்ற முறை வழியாக இறக்கிக்கொள்ளும்போது அவை எண்களோடுதான் வந்து சேரும். காங்கிரஸ் நூலகப் பதிவில் தமிழ்த் தலைப்பு ரோமன் எழுத்தில் 245-ல் இருக்கும், தமிழ் எழுத்தில் வேண்டுமென்றால் 880-ல் இருக்கிறதா என்று தேட வேண்டும். இதை வெளியூரில் இருக்கும் ஒருவரிடம் போனில் கேட்டு வாங்க எண்தான் உதவும். "அந்த இன்னொரு எழுத்து வடிவப் பெட்டி" என்று சொல்லி விளங்க வைப்பதற்குள் போனில் சார்ஜ் போய்விடும்.

பதிவுக்குள் என்ன போகிறது?

புலத்தின் பெயரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டோம். என் பார்வையில் அதைவிடப் பெரிய விஷயம் புலத்துக்குள் போகும் மதிப்பு. திரையில் பெயர் தவறானால் நாளைக்கே மாற்றிவிடலாம். உள்ளே தவறான மதிப்பு போய்விட்டால் ஆயிரம் பதிவுகளைத் திறந்து உட்கார வேண்டும்.

தமிழ்நாட்டுப் பழைய நூலகம் எதுவானாலும் மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் ஒரு தட்டாவது இருக்கும். வழவழப்பான தாள், கெட்டி அட்டை. "ரஷ்ய மொழியிலிருந்து வந்த நூல்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டார். எங்கள் முதல் வாரப் பதிவுகளில் மூலமொழி என்ற இடத்தில் ரஷ்யன், ருஷ்யா, ரஷிய மொழி, உருசியம், சோவியத் என்று ஐந்து விதம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடியும் கிடைத்தது பாதி. மார்க் கேட்பது 041-ல் மொழிக்கு ஒரு மூன்றெழுத்துக் குறியீடு மட்டும்: நூலின் மொழிக்கு டி-ஏ-எம், மூலமொழிக்கு டாலர் ஹெச் என்ற துணைப்புலத்தில் (புலத்துக்குள் ஒரு சிறு பகுதி) ஆர்-யு-எஸ். பதிவு செய்பவர் ரஷ்யா என்று உச்சரித்தால் என்ன, உருசியா என்று உச்சரித்தால் என்ன? பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்துவிட்டால் கதை முடிந்தது.

இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு குறிப்பிட்ட பட்டியலுக்குள் அடங்கும் எதையும் குறியீடாகத்தான் சேமிக்க வேண்டும். மொழி, நாடு, பொறுப்பு, நூலின் இருப்பிடம், பிரிவு எல்லாம் இதில் வரும். இருப்பிடத்துக்கும் பிரிவுக்கும் கோஹாவில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஒரு குறியீடு, அதற்கு நூலகர் பார்க்கும் விளக்கம், வாசகர் பார்க்கும் விளக்கம் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதலாம். பதிவுக்குள் போவது குறியீடு மட்டும். "குறிப்புதவிப் பகுதி" என்று வைத்த பெயர் பிடிக்கவில்லை என்றால் விளக்கத்தை மாற்றினால் போதும், பதிவுகளைத் தொடவே வேண்டாம்.

மனிதர்களின் பெயரிலும் இதே கதைதான். உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதய்யர் என்று முகப்புப் பக்கங்களில் எத்தனை விதம்! புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்று கணினிக்கு யார் சொல்வது? ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ப்பதிவு உருவாக்கி, அதன் எண்ணை நூல் பதிவோடு கோத்துவிட்டால் எந்தப் பெயரில் தேடினாலும் எல்லா நூலும் வந்து நிற்கும். விக்கிப்பீடியாவின் தோழமைத் தரவுத்தளமான விக்கித்தரவும் இதே வழியில்தான் போகிறது. அங்கே தமிழ் மொழிக்குப் பெயர் க்யூ5885, ஆசிரியர் என்ற உறவுக்குப் பெயர் பி50. தமிழில் பார்ப்பவருக்குத் தமிழிலும் சிங்களத்தில் பார்ப்பவருக்குச் சிங்களத்திலும் சொற்கள் தெரியும், அடியில் இருக்கும் எண் ஒன்றே.

குறியீட்டிலும் கண்ணி உண்டு. ஓரளவு அர்த்தம் தொனிக்கும் குறியீடுதான் அதிகம் ஏமாற்றும். எம்-ஏ-எல் என்று பார்த்தால் மலாய் என்று தோன்றும், மார்க்கில் அது மலையாளம். மலாய்க்கு எம்-ஏ-ஒய். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மலாயும் தமிழும் மலையாளமும் கலந்த அலமாரிகளில் இது வேடிக்கையான விஷயம் இல்லை. இந்தியாவுக்கு ஐ-என் என்று போடுவார்கள், சரியானது ஐ-ஐ. மூன்றெழுத்தாக ஐ-என்-யு என்று போட்டுவிட்டால் நூல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அச்சாகிவிடும். அர்த்தமே தொனிக்காத வெறும் எண்ணுக்கு இந்த விஷயத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. யாரும் அதை ஊகிக்கத் துணிவதில்லை, பட்டியலைப் பார்த்துத்தான் போடுவார்கள்.

இன்னொன்று, குறியீடு பழசை விடாது. இலங்கைக்கு மார்க் தரும் நாட்டுக் குறியீடு சி-இ. சிலோன் என்ற பெயர் 1972-ல் போய்விட்டது, குறியீடு அப்படியே இருக்கிறது. அதை மாற்றாமல் விட்டதால்தான் யாழ்ப்பாணத்தில் 1960-ல் அச்சான நூலும் 2010-ல் அச்சான நூலும் ஒரே தேடலில் வருகின்றன. வாசகர் திரையில் "இலங்கை" என்று தெரிந்தால் சரி, உள்ளே இருக்கும் சிலோனை யாரும் பார்க்கப் போவதில்லை.

வாசகரின் திரை

இதில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. வாசகருக்குச் சொல்தான். எந்த வாசகரும் 245-ஐப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அதைக் காட்டுவது சமையற்கட்டைத் திறந்துவைத்துப் பந்தி பரிமாறுவது போல.

ஆனால் எந்தச் சொல் என்பதில் நிதானம் வேண்டும். காங்கிரஸ் நூலகம் 2013-ல் ஆர்.டி.ஏ. என்ற புதிய பட்டியலாக்க விதிகளுக்கு மாறியபோது, நூலின் வடிவத்தைச் சொல்லும் 336, 337, 338 என்ற மூன்று புலங்கள் வழக்கத்துக்கு வந்தன. சாதாரண அச்சு நூலுக்கு 337-ல் வர வேண்டிய சொல்லைத் தமிழாக்கினால் "இடைக்கருவி அற்றது" என்று வரும். படிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும் என்று பொருள். குறியீடாக அது 'என்' என்ற ஒற்றை எழுத்து. அந்தச் சொல்லை நாங்கள் வாசகர் பக்கத்தில் காட்டவே இல்லை. குறியீட்டை உள்ளே வைத்துவிட்டு, அதைக் கொண்டு "அச்சு நூல்" என்றோ "குறுந்தகடு" என்றோ காட்டினால் போதும்.

எண்ணுக்கு வாசகரிடம் இடம் உண்டு என்றால் அது நூலின் முதுகில். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி பகுப்பில் 894.811 தமிழ் இலக்கியம், 894.8111 கவிதை, 894.8113 கதை. நாவல் என்று எழுதினாலும் புதினம் என்று எழுதினாலும் நூல் ஒரே தட்டுக்குப் போய்விடும். ஆனால் சிறு நூலகங்கள் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வதால் சிறுகதையும் நாவலும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். வாசகர் வந்து கேட்பதோ "சிறுகதை எங்கே இருக்கு?" என்று. ஆகவே பொருள் புலத்தில் "சிறுகதைகள்", "நாவல்கள்" என்று சொல்லாகவும் ஒரு பதிவு போட வேண்டியிருக்கிறது, ஒரே எழுத்துக்கூட்டலில். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதனின் 1933-ஆம் ஆண்டுப் பகுப்பு இன்னும் ஆழமாகப் போகும். அதில் ஷேக்ஸ்பியர் ஓ111,2ஜே64: இலக்கியம், ஆங்கிலம், நாடகம், 1564-ல் பிறந்தவர். தெரிந்தவருக்கு அது ஒரு முழு வாக்கியம். தெரியாதவருக்குக் கடையில் துணிப்பொட்டலத்தின் மேல் இருக்கும் எண்ணைப் போலத்தான்.

இப்போது எங்கள் நூலகத்தில் பொறுப்புக் குறியீடுகள் அப்படியே வாசகர் கண்ணில் படாமல் இருக்க, காட்சி வார்ப்புருவில் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச் சொல் எழுதியிருக்கிறோம். சி-டபிள்யூ-டி வந்தால் முதலில் "உரை" என்று காட்டினோம். அது சொற்பொழிவு என்று ஒரு வாசகர் நினைத்துக்கொண்டு, பரிமேலழகர் பேசிய கேசட் இருக்கிறதா என்று கேட்டார். அதை "உரையாசிரியர்" ஆக்கினோம். "மறுபடியும் ஆசிரியரா?" என்று பெரியவர் ஆட்சேபிக்கிறார். "உரைகாரர்" என்று போடலாம் என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவதாக இருக்கிறோம். எந்தச் சொல் ஜெயித்தாலும் வார்ப்புருவில் ஒரு வரி மாற்றினால் போதும். பதிவுகளில் சி-டபிள்யூ-டி அப்படியே இருக்கும்.